நூற்றுக்கு ஒன்று பெரிய படகு

பாகலூர்
13 ஜூலை 2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று முதல் வீட்டில் நடப்பதை எல்லாம் நடந்தது நடந்தபடி உனக்கு எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடுதித் தொலைபேசியில் உனக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம், நீ என்ன சாப்பிட்டாய் என்று அம்மா கேட்பதிலேயே போய்விடுகிறது. "அப்பாகிட்ட குடுக்கவா" என்று கேட்டதும் மணி அடித்துவிட்டது என்று சொல்லி வைத்துவிடுகிறாய். ஊத்தங்கரையில் மணி எப்போதும் சரியாக அந்தக் கேள்விக்கே அடிப்பதை அப்பாவும் கவனித்திருக்கிறார்.

முதல் செய்தி: அப்பா உன் படகைச் செய்யத் தொடங்கிவிட்டார்.

உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். உன்னை விடுதியில் விட வந்த அன்று, கப்பல் கட்டும் பொறியியல் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னதற்கு, "கடலையே பாக்காத புள்ளைக்குக் கப்பல் படிப்பா" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தாரே, அது தவறுதான். ஆனால் போன வாரம் தானாகவே உன் அலமாரியைத் திறந்து வரைபடத்தை எடுத்தார். என்னிடம் சொன்னது இது: "படம் யாரு வேணா போடலாம்த்தா. அதப் பாத்துச் செஞ்சது தண்ணில நிக்கணும். நின்னா அவ கேட்ட படிப்பப் பத்திப் பேசுவோம்." வார்த்தை மாறாமல் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

கீழே வண்டி நிறுத்தும் இடத்தில்தான் வேலை. தொழிற்சாலையில் இரும்பு வார்ப்புக்கு மர அச்சு செய்து பழகிய கைக்குப் படகு புதிது. ஆனாலும் இழைப்புளியைப் பிடித்ததும் முகம் மாறிவிட்டது. நீ சார்ட் பேப்பர்களை ஒட்டி முழு அளவில் வரைந்து வைத்திருந்த அடிப்பலகையின் தாளை, பிளைவுட் மேல் விரித்து அப்படியே வெட்டிவிட்டார். பக்கப் பலகைகள் இரண்டையும் நீ எழுதிய எண்களைப் பார்த்து அடுத்த வாரம் குறிக்க வேண்டும்.

ஓனரம்மா வெங்கடம்மாள் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஏன் சார், மாடு ரெண்டயும் வித்து ஆறு மாசம் ஆவுது. தொட்டி இன்னாத்துக்கு?" என்றார். படகு என்று சொன்னேன். "அப்போ தண்ணி உள்ள இருக்காதா, வெளிய இருக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா சிரிக்கவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கும் என்பதுதான் அவருக்கும் கவலை.

உன்
ப்ரியா


ஊத்தங்கரை
20 ஜூலை 2025

ப்ரியா,

உன் கடிதத்தை வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். "உங்க வீட்டுல படகு கட்றாங்களா? எந்த ஆத்துல விடப் போறாங்க?" என்று சாப்பாட்டு வரிசையில் வைத்துக் கேட்டார். இனி இங்கே என் பெயர் படகு.

என்னைக் கேட்காமல் என் அலமாரியைத் திறந்தது பிடிக்கவில்லை. ஒன்பது மாதம் போட்ட படம் அது. நான் இல்லாதபோது அதில் முதல் வெட்டு விழுந்திருக்கிறது. இதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம். சொன்னாலும் சரி.

செய்ய வேண்டியவை. பலகைகளைச் செம்புக் கம்பியால் தைக்க வேண்டும். பழைய மோட்டாரிலிருந்து உரித்த கம்பி போதும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு துளை. கம்பியை முறுக்கும்போது படகின் மூக்கிலிருந்து தொடங்கிப் பின்னால் வரவும். தைத்து முடித்து எல்லாம் பொருந்திய பிறகுதான் பசை. அப்பா எதையாவது "சின்னதா மாத்திக்கலாம்" என்றால் விடாதே. அவர் மாற்றிய படகு மிதந்தால் அது அவர் படகு.

இன்னொன்று. அக்டோபர் பதினேழுக்குள் மேற்படிப்பு விருப்பப் படிவம் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் நுழைவுத் தேர்வுக்கு எங்களைப் பிரிப்பார்கள். அப்பாவின் கையெழுத்து வேண்டும். இப்போதே எதுவும் கேட்காதே.

தர்ஷினி


பாகலூர்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் போன வாரம் முழுக்க இரண்டாம் ஷிஃப்ட். அதனால் இன்று காலைதான் பக்கப் பலகைகளைக் குறித்தார். நான் உன் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன், அவர் குறித்தார். மதியத்துக்குள் இரண்டையும் வெட்டி முடித்து, நீ சொன்னபடி மூக்கிலிருந்து தைத்துக்கொண்டு வந்தோம். பாதி தூரம் வரை பலகைகள் ஒன்றுக்கொன்று அடங்கி உட்கார்ந்தன. பிறகு ஒவ்வொரு துளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. கடைசியில் பார்த்தால் பக்கப் பலகை இரண்டும் அடிப்பலகையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. இருபத்து நான்கு மில்லிமீட்டர்.

அப்பா கம்பிகளை அவிழ்த்துவிட்டு மூன்று முறை அளந்தார். பக்கப் பலகை உன் எண்ணில் உள்ளபடியே இருநூற்று நாற்பது சென்டிமீட்டர். அடிப்பலகைதான் அதைவிடக் குறைவு. "எண்ணும் தாளும் ஒட்டலையே. ரெண்டுல ஒண்ணு தப்பு. ரெண்டும் அவ போட்டதுதான்" என்றார். டேப் வைத்து அளந்து பார்க்கலாமா என்று அம்மா கேட்டாள். "டேப்பு சட்டைத் துணிக்கு ராஜாத்தி" என்று சொல்லிவிட்டார்.

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வருத்தமாகச் சொன்னார். "நல்லாத்தான் போட்டிருந்தா" என்று இரண்டு தடவை தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் சுவரோரம் சாய்த்துத் தார்ப்பாய் போட்டு மூடினார்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். பிறகு எழுதுகிறேன்.

ப்ரியா


ஊத்தங்கரை
10 ஆகஸ்ட் 2025

ப்ரியா,

ஐந்து நாளாகப் படிப்பு நேரத்தில் எல்லாக் கணக்கையும் மறுபடி போட்டேன். தவறு கிடைக்கவில்லை. தாளில் அளந்துதான் அந்த எண்களை எழுதினேன். ஆனால் தாள் இங்கே இல்லை. மார்ச்சில் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டே போட்ட படம். எங்கேயோ ஏதோ விட்டிருக்கிறேன்.

நானோ அப்பாவோ, இருவரில் ஒருவர் அளவில் தவற வேண்டுமென்றால் அது நானாகத்தான் இருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் செய்த ஓர் அச்சுகூட அளவுக்காகத் திரும்பி வந்ததில்லை. இதை நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். என் முறை வரும்போது மட்டும் மாற்றிச் சொல்ல முடியாது.

எட்டடிப் படகில் இரண்டரை சென்டிமீட்டர் விட்டவள் கப்பலில் எவ்வளவு விடுவாள் என்று எண்ணிப் பார்த்தேன். படிவத்தில் பி.ஃபார்ம் என்று எழுதிவிட்டேன். பென்சிலில்தான். விடுமுறைக்கு வரும்போது பேனாவால் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். அவர் ஆசைப்பட்டதும் அதுதானே. படிக்கக் கஷ்டமான படிப்பு ஒன்றுமில்லை.

பலகைகளை வெங்கடம்மாளுக்குக் கொடுத்துவிடுங்கள். மாடு வாங்கினால் தொட்டி ஆகும்.

தர்ஷினி


பாகலூர்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் படம் சரி. இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

எல்லாம் எழுதுவதாகச் சொன்னவள் ஒன்றை விட்டுவிட்டேன். பலகை குறித்த அன்று காலை, "ஸ்கேல எடுத்தாத்தா" என்று அப்பா கேட்டபோது, அவருடைய கருவிப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான். பையில் ஒரே மாதிரி இரண்டு எஃகு ஸ்கேல்கள் இருந்தன. கைக்கு வந்ததைக் கொடுத்தேன். அப்பா கண்ணாடி போட்டிருக்கவில்லை. அன்று சாயங்காலம் சும்மா என் பள்ளி ஸ்கேலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அதில் முப்பது என்று இருக்கும் கோடு என் முப்பதைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருந்தது.

உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். எனக்குத்தான் அம்மாவைக் கேட்கும் வரை தெரியாது. உருக்கிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்குமாம். அதனால் மர அச்சை அந்த ஒரு பங்கு பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போடாமல் இருக்க, கோடுகளையே அந்த அளவு தள்ளிப் போட்ட ஸ்கேல் ஒன்று வைத்திருப்பார்கள், ஷ்ரிங்கேஜ் ஸ்கேல். பட்டறையில் அதற்குத் தனி ஆணி உண்டு. வீட்டுப் பையில் இரண்டும் ஒன்றாகவே கிடக்கும். அப்பா பக்கப் பலகைகளைக் குறித்தது அதில்தான். மறுபடி மூன்று முறை அளந்து பார்த்ததும் அதே ஸ்கேலில். பிறகு எப்படித் தவறு தெரியும்? நீ தாளில் வரைந்த அடிப்பலகை மட்டும் உண்மை அளவில் இருந்தது.

இரண்டு வாரம் சொல்லவில்லை. எடுத்துக் கொடுத்தது நான் என்ற பயம் பாதி. அப்பாவின் அளவு தப்பு என்று அவரிடமே எப்படிச் சொல்வது என்பது மீதி. நேற்று உன் கடிதம் வந்தது. பி.ஃபார்ம் என்பதைப் படித்ததும் இரண்டு ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். அப்பா உளி தீட்டிக்கொண்டிருந்தார். இரண்டையும் அவர் முன்னால் சேர்த்து வைத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரல் நகத்தை இரண்டு முனைகளிலும் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

"எப்பத்தா பாத்த?"

"அன்னைக்கே."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

"நான்தான் எடுத்துக் குடுத்தேன்பா."

"ஸ்கேல கைல வாங்குனா மொதல்ல அதுல என்ன போட்டிருக்குன்னு பாக்கணும். புதுசா வர்ற பயலுகளுக்கு நான் சொல்ற மொதப் பாடம் அது." இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அவர் பையில் தொழிற்சாலையின் நிராகரிப்புச் சீட்டுகள் சில கிடக்கும், பார்த்திருப்பாய். சிவப்பு அட்டை. குறையுள்ள பொருளில் கட்டித் தொங்கவிடுவது. அதில் ஒன்றை எடுத்து, பட்டறையில் எழுதுவதைப் போலவே நிறுத்தி எழுதினார். பொறுப்பு என்ற இடத்தில் என் பெயர் வரும் என்று காத்திருந்தேன். முத்துமணி என்று தன் பெயரை எழுதினார். நான்தானே கொடுத்தேன் என்று மறுபடி சொன்னேன். "எடுத்துக் குடுத்தவ பேரு இதுல வராதுத்தா. அளந்தவன் பேருதான் வரும்" என்றார். ஆயிரம் சீட்டில் மற்றவர்கள் பெயரை எழுதியிருக்கிறாராம். தன் பெயரை எழுதுவது இதுதான் முதல் தடவை.

அந்தச் சீட்டை இதனுடன் வைத்திருக்கிறேன். கடைசி வரியைப் பார். "வரைபடம்: சரி." கீழே கையெழுத்து.

அம்மா படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "சட்டைத் துணிக்கு வச்சிருக்கிற டேப்ப அன்னைக்கே வாங்கியிருந்தா எம்புள்ள அங்க அழுதிருக்காது" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். நீ அழுதாயா? கடிதத்தில் அப்படி இல்லையே. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது?

உன் ப்ரியா


ஊத்தங்கரை
24 ஆகஸ்ட் 2025

ப்ரியா,

உன்மேல் எனக்குக் கோபம். இரண்டு வாரம் என்பது சின்னக் காலம் இல்லை. நான் அந்த இரண்டு வாரத்தில் என்னைப் பற்றி என்னென்னவோ முடிவு செய்துவிட்டேன். இதை ஒரு தடவை எழுதிவிட்டேன், மறுபடி எழுத மாட்டேன்.

என்மேலும் கோபம்தான். இருநூற்று நாற்பதில் இரண்டு புள்ளி நான்கு. சரியாக நூற்றுக்கு ஒன்று. என் கவனக்குறைவு இவ்வளவு ஒழுங்காக வராது என்பது மர அச்சு செய்கிறவரின் மகளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். என்னைச் சந்தேகப்படும் அவசரத்தில் எண்ணைப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

சீட்டு என் வடிவியல் பெட்டியில் இருக்கிறது. வார்டன் அது என்ன என்று கேட்டார். நிராகரிப்புச் சீட்டு என்றேன். அதைப் பார்த்து ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார்.

இப்போது படகு. பக்கப் பலகைகளை வீணாக்க வேண்டாம், அவற்றில் தவறு இல்லை. இரண்டும் எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் பெரிதாக இருக்கின்றன. எனவே மிச்சத்தையும் அதே ஸ்கேலில் குறித்துவிடுங்கள். புது அடிப்பலகை, பின்பலகை, எல்லாம். முழுப் படகும் நூற்றுக்கு ஒன்று பெரிதாக வரும், அவ்வளவுதான். தண்ணீரில் விட்டதும் ஆறிச் சுருங்கினால் என் அளவுக்கு வந்துவிடும் என்று அப்பாவிடம் சொல். பழைய அடிப்பலகையை அறுத்து இரண்டு இருக்கை செய்யலாம்.

படிவத்தில் எழுதியிருந்ததை அழித்துவிட்டேன். இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது. படகு தண்ணீரில் நிற்கட்டும்.

அடுத்த ஞாயிறு அப்பாவிடம் போனைக் கொடு.

தர்ஷினி


பாகலூர்
12 அக்டோபர் 2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

விடுமுறை முடிந்து கிளம்பும்போது, "படகு விட்ட அன்று நானும் இருந்தேனே, அதைப் பற்றி என்ன எழுதப் போகிறாய்" என்று கேட்டுவிட்டுப் பேருந்தில் ஏறினாய். ஆனால் துடுப்பு வலிக்கிறவர் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டியிருக்கிறது. அப்பா உன் முதுகுக்குப் பின்னால், படகின் மூக்கில் இருந்தார். பின்னிருக்கையிலிருந்து நான் பார்த்ததை நீ பார்த்திருக்க முடியாது.

நாராயணப்பன் டிராக்டரில் படகை ஏற்றிக்கொண்டு வந்து தன் சாமந்தித் தோட்டத்துக்குக் கீழே ஏரியில் இறக்கினார். மூவரும் மிதவைக்காகக் காலி எண்ணெய் கேன்களை மார்பிலும் முதுகிலும் கட்டிக்கொண்டு ஏறினோம். "நோடி, இங்க பாருங்க சார், எண்ணெ வியாபாரம் தண்ணி மேலயா?" என்று கரையிலிருந்து அவர் கேலி செய்ததற்குக்கூட அப்பா திரும்பவில்லை. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீ முதலில் நான்கு முறை வலித்தபோது அவர் குனிந்து மூக்கின் உள்தையலை விரலால் தடவினார். விரலைப் பார்த்தார். பனியன் ஓரத்தில் துடைத்துவிட்டு மறுபடி தடவினார். காய்ந்தே இருந்தது.

அதற்குள் நாம் தாமரைக் கொடிகளைத் தாண்டிவிட்டோம். நீ துடுப்பை எடுத்துவிட்டு, "பாருங்க, தானாப் போவுது" என்றாய். உண்மையில் போனது. தண்ணீர் பலகைக்கு அடியில் பேசிக்கொண்டே வந்தது, வேறு சத்தம் இல்லை. அப்போது அப்பா ஒரு கையை விளிம்பிலிருந்து எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு கரை வரும் வரை அவர் எதையும் பிடிக்கவில்லை.

நீ போன மறுநாள் முதல் ஷிஃப்ட் முடிந்ததும் அப்பாவும் நானும் ஏரிக்குப் போனோம். அப்பாவுக்குத் துடுப்பு வரவில்லை. ஒரே இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றினார். நாராயணப்பன் வரப்பில் உட்கார்ந்து, "என்னா சார், செக்கு ஆட்டுறீங்களா, இந்த ஏரில இன்னா எண்ணெ வருது?" என்றார். பிறகு படகைக் கரைக்கு இழுக்க ஒரு கை கொடுத்துக்கொண்டே கேட்டார்:

"நல்லாத்தான் நிக்குது. யாரு செஞ்சது, நீங்களா?"

"எம்மூத்த பொண்ணு போட்ட படம். நானு அளவ மாத்தி எடுத்துட்டேன். எப்படிச் சரி பண்றதுன்னும் அவதான் சொன்னா."

"அவ்ளோ சின்னப் பொண்ணா? என்னா படிக்குது?"

"பன்னெண்டாவது."

"அப்புறம்?"

அப்பா கயிற்றை வேலமரத்தில் கட்டி முடித்தார். "கப்பலு" என்றார்.

நாராயணப்பன் சிரிப்பார் என்று நினைத்தேன். "எங்க மாதேஷ் கம்ப்யூட்டர் படிச்சுப்புட்டு இப்போ கோழிப்பண்ணை வச்சிருக்கான். அதுக்கு இது பரவால்ல" என்று மட்டும் சொன்னார்.

இப்போது தினமும் போகிறோம். நான் நேராக வலிக்கக் கற்றுக்கொண்டேன். மின்கம்பம் ஒன்றைக் குறி வைத்து, அது அசையாமல் இருக்கும்படி வலித்தால் போதும். நேற்று எதிர்க்கரை வரை போய் வந்தேன். ஆறு நீர்க்கோழி, ஒரு ஆமை. அம்மா இன்னும் ஏறவில்லை. "நடந்து போற தூரத்துக்கு எதுக்கு மிதந்து போகணும்" என்கிறாள். ஆனால் நேற்று முன்தினம் கரை வரை வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

படிவத்தை அலமாரியின் மேல்தட்டில், எல்லோருக்கும் தெரியும்படி வைத்துவிட்டுப் போனாய். நீ அவரைக் கேட்கவில்லை. அவரும் உன்னைக் கேட்கவில்லை. ஒரு வாரம் அது அங்கேயே இருந்தது. இன்று சாப்பிட்டதும் அவரே எடுத்து வந்து என்னிடம் கொடுத்து, அந்தப் படிப்பின் பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். எழுதியதைப் பார்த்து, படித்துக் காட்டச் சொன்னார். எத்தனை வருடம் என்றார். நான்கு என்றேன். எந்த ஊர் என்றார். கொச்சியோ விசாகப்பட்டினமோ, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே என்றேன். "ரெண்டு ஊர்லயும் கடலு இருக்குல்ல" என்றார். இருக்கிறது என்றேன்.

அதன்பிறகு வெகு நேரம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயமா என்று அம்மா கேட்டாள். "அவளுக்கு நீச்சல் தெரியாதுல்ல ராஜாத்தி" என்றார்.

பிறகு கையெழுத்துப் போட்டார். படிவம் இதனுடன் இருக்கிறது. நாளை ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் ஓசூர் தபால் நிலையத்தில் தானே கொடுத்து, விரைவுத் தபாலில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். பதினேழுக்கு முன்னால் வந்துவிடும்.

உன்னிடம் ஒன்று கேட்டு எழுதச் சொன்னார். அந்தக் கல்லூரிகளில் முதல் வருடமே நீச்சல் சொல்லித் தருவார்களா, அல்லது இந்தக் கோடையில் ஓசூரில் எங்காவது உன்னைச் சேர்த்துவிட வேண்டுமா? பதில் தெரியாவிட்டால் யாரையாவது கேட்டு எழுது. இதைக் கடிதத்தின் ஓரத்தில் எழுதாமல் நடுவில் எழுது என்றும் சொன்னார். நடுவில் இடமில்லை, கடைசியில் எழுதியிருக்கிறேன்.

அவர் காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும். விளக்கை அணைக்கப் போகிறார்கள்.

ப்ரியா